காத்த உயிரைக் காத்தல்



இல்லறத்தார்க்கு ஆகமங்கள் வகுத்துள்ள விரதங்களுள் முதலாவதாக நிற்பது அஹிம்சை அணுவிரதம். நம் இல்லத்துச் சிறு குழந்தையும் இதனை அறியும். நீரை வடிகட்டிப் பருகுகிறோம். கதிரவன் மறையுமுன் உண்கிறோம். மண்ணுக்கடியில் விளையும் கிழங்குகளை விலக்குகிறோம். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களுக்கும் இவ்வளவு இரங்கும் நாம், கண்ணெதிரே வாசலில் படுத்துக் கிடக்கும் ஐம்பொறி உயிரிடத்து எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதை இவ்விதழில் சிறிது சிந்திப்போம். எடுத்துக்கொண்ட பொருள் நாய். அதிலும் உருவிற் பெரிய நாய்; அதிலும் வயது முதிர்ந்த நாய்.

இது அறவுரைக்குரிய பொருள்தானா என்று சிலர் ஐயுறலாம். சூலூர் வட்டாரத்தில் வாழும் நம்மவர்க்கு அவ்வையம் எழாது. பணியையும் தொழிலையும் முன்னிட்டு வட மாவட்டங்களிலிருந்து கொங்கு நாட்டுக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் நாம். இம்மண் நமக்கு அயல் மண்ணன்று. விசயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் கொண்டுள்ளார். நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊராகப் போற்றப்படும் சீனாபுரம் அதற்கு அண்மையில் உள்ளது. ஆயினும் இங்குள்ள வாழ்க்கை முறை வேறு. நம் பூர்வீக ஊர்களில் ஜினாலயத்தைச் சுற்றி வீடுகள் நெருங்கி நிற்கும். இங்கோ தோட்டத்துக்கு ஒரு சாளை, தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு வீடு, விசைத்தறிக் கூடத்தையும் கோழிப்பண்ணையையும் ஒட்டி ஒரு குடியிருப்பு எனத் தனித்தனியே அமைந்துள்ளன. ஆகவே காவலுக்கு நாய் வேண்டும் என்பது இங்கு எல்லார் வாயிலும் வரும் சொல். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை ஆகிய நம் நாட்டு இனங்களும், அல்சேஷன், டாபர்மேன், லாப்ரடார், ராட்வீலர் ஆகிய அயல் இனங்களும் இங்கு வளர்க்கப்படுகின்றன. ராஜபாளையம் நாய் 2005-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் அஞ்சல் துறை வெளியிட்ட தபால் தலையிலும் இடம்பெற்றது.

தபால் தலையில் பெருமை பெற்ற அந்நாயும் பத்தாண்டு சென்றால் கிழடாகும், கண் மங்கும், பின்னங்கால் தளரும், குரைக்கவும் வலுவிராது. நாம் பேச வந்தது அந்நாளைப் பற்றியே.

சீவகன் செவியிற் சொன்னது

தமிழ்க் காப்பியங்களுள் தலையாயதாகிய சீவக சிந்தாமணியை நமக்கு அருளியவர் திருத்தக்கதேவர். 1887-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்த பின்னர் தமிழுலகம் முழுவதும் அதனைக் கற்றது. அதன் குணமாலையார் இலம்பகத்தில் ஒரு நாயின் வரலாறு வருகிறது. நாம் பலமுறை கேட்டதுதான். ஆயினும் மறுபடியும் கேட்பதற்குத் தகுதி உடையது.

வேனிற் காலத்தில் நகரத்தார் அனைவரும் நீர்விளையாட்டுக்குத் திரண்டிருந்தனர். அங்கே அந்தணர் வைத்திருந்த உணவைப் பசியுற்ற நாயொன்று தீண்டிவிட்டது. அவர்கள் சினந்து அதனைப் புடைத்தனர். கால் ஒடிந்து, உயிர் ஊசலாடக் கிடந்தது அவ்விலங்கு. அவ்வழி வந்த சீவகன் அதனைக் கண்டான். அதனருகே சென்று பஞ்ச நமஸ்கார மந்திரத்தை அதன் செவியில் ஓதினான். அந்நாய் அமைதியோடு உயிர் நீத்து, சுதஞ்சணன் என்னும் இயக்கர் தலைவனாகப் பிறந்தது. பின்னொரு நாள் கட்டியங்காரனின் ஆணையால் சீவகன் கொலைக்களம் நோக்கிச் செல்ல நேர்ந்தபோது, அந்தச் சுதஞ்சணனே புயலும் மழையுமாக வந்து அவனை எடுத்துச் சென்று காத்தான்.

இவ்வரலாற்றில் மூவகையினர் உளர். அடித்தவர் ஒரு வகை. கண்டும் காணாமற் கடந்தவர் ஒரு வகை. விளையாட்டுக்குக் கூடிய பெருங்கூட்டத்தில் அத்தகையோரே மிகுதியாக இருந்திருப்பர். மூன்றாமவன் சீவகன் ஒருவனே. அவன் அந்நாயின் உரிமையாளன் அல்லன். அது அவன் வீட்டைக் காத்ததுமில்லை. அவனுக்கு ஒரு நாளும் பயன்பட்டதுமில்லை. பயனை எண்ணாது இரங்கினான். பயன் முடிந்த இடத்தில்தான் தயை தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? முன்பின் அறியாத தெருநாய்க்கே அவ்வளவு கடமைப்பட்டான் சீவகன் எனில், பத்தாண்டு நம் வாசலைக் காத்த நாய்க்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டவர்கள்!

உயிரின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அறமும் மறமுமே காரணம் என்று விளக்கப் புகுந்த சமந்தபத்திர ஆசாரியர், தம் இரத்தினகரண்டகத்தில் எடுத்துக்காட்டாகக் கொண்ட விலங்கும் நாயே. தீர்த்தங்கரரின் சமவசரணத்தில் உள்ள பன்னிரண்டு சபைகளுள் ஒன்று விலங்குகளுக்கென அமைந்தது. மனம் பெற்ற ஐம்பொறி விலங்கு நற்காட்சியை எய்தவும், அணுவிரத நிலை வரை உயரவும் கூடும் என்பது நம் சித்தாந்தம். பகவான் மகாவீரரின் ஆன்மா முற்பிறவியொன்றில் சிங்கமாக இருந்தபோதே நற்காட்சி பெற்றது. பார்சுவநாதரின் ஆன்மா யானையாக இருந்து விரதம் காத்தது. எனவே வாசலில் கிடப்பது உடைமைப் பொருள் அன்று; வினைவயத்தால் அவ்வுடம்பில் தங்கிச் செல்லும் ஓர் ஆன்மா.

வளர்க்கலாமா என்னும் வினா

வேட்டையாடும் இயல்புடைய பிராணிகளைப் பேணி வளர்ப்பதை நம் ஆசாரியர்கள் வீண் ஹிம்சைக்கு வழியெனக் கண்டு, அநர்த்த தண்டத்துள் வைத்து எச்சரித்துள்ளனர். நாய் கோழியைக் கவ்வும், அணிலைத் துரத்தும், பூனையைக் குதறும். பெருநாயாயின் மனிதரையும் காயப்படுத்தும். ஆதலால் அழகுக்காகவும் பெருமைக்காகவும், அண்டை வீட்டான் வைத்திருக்கிறான் என்பதற்காகவும் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துக் குட்டி வாங்குவது நமக்கு உகந்ததன்று. இதனை ஒளிக்காமற் கூறுவதே முறை.

ஆயினும் இவ்வெச்சரிக்கை வாங்குமுன் கேட்கவேண்டியது. வாங்கிய பின்னரோ, தானாக வந்து வாசலில் அடைக்கலம் புகுந்த பின்னரோ, அதே நூலைக் காட்டி அவ்வுயிரைக் கைவிட வழியில்லை. தோட்டத்தை விற்று அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பெயரும்போதும், பிள்ளைகள் அயல்நாடு சென்று பெரியவர்கள் தனித்திருக்கும்போதும், நாய் நோயுற்றுச் செலவு வைக்கும்போதும், ‘நாம் ஜைனர், நாய் வளர்ப்பது நமக்கு ஆகாது’ என்னும் நினைவு சிலர்க்குத் திடீரென வருகிறது. திருச்சி நெடுஞ்சாலை ஓரத்தில் கழுத்துப்பட்டையின் தழும்போடு திசையறியாது திரியும் பெருநாய்களைக் கண்டவர்கள் நம்மில் உண்டு. வீட்டில் வளர்ந்த அவ்வுயிர்க்கு இரை தேடவும் தெரியாது. வண்டிக்கு ஒதுங்கவும் தெரியாது. அதனை இறக்கிவிட்டுத் திரும்பும் கை தடி ஏந்தாத கையாயினும், ஹிம்சை செய்த கையே.

ஐந்து அதிசாரங்கள்

அஹிம்சை அணுவிரதத்துக்கு ஊறு செய்யும் ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் வரிசைப்படுத்துகிறது. இரத்தினகரண்டகமும், தமிழில் நம் இல்லறத்தார் ஓதும் அருங்கலச்செப்பும் அவற்றையே கூறுகின்றன. கட்டுதல், அடித்தல், உறுப்புச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. மாடும் குதிரையும் வைத்திருந்த காலத்துக்கு உரியவை என்று இவற்றை ஓதிவிட்டுக் கடந்துவிடுகிறோம். பெருநாயை வளர்ப்போர்க்கு இவ்வைந்தையும்விடச் சிறந்த பயிற்சி நூல் வேறில்லை. ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது கட்டுதல். பகல் முழுவதும் குறுஞ்சங்கிலியில் கட்டிப்போட்டு, இரவில் மட்டும் அவிழ்த்துவிடும் வழக்கம் நம் பகுதியில் பரவலாக உள்ளது. அசைவின்றிக் கிடக்கும் நாய்க்குத் தசை மெலியும், உடல் பருக்கும், மூட்டு இறுகும். மனத்தில் சினம் முற்றும். பிறகு அது கடித்தால், ‘பொல்லாத நாய்’ என்று பெயரிடுகிறோம். சாலையில் நடத்திச் செல்லும்போது கையில் பிடிக்கும் வார் அவ்வுயிரையும் பிறரையும் காப்பது. அது கட்டுதல் ஆகாது. நாள் முழுதும் தூணோடு பிணைக்கும் சங்கிலியே குற்றம். மதில் சூழ்ந்த இடத்தில் உலவ விடுவதும், காலையும் மாலையும் நடத்திச் செல்வதும் இதற்கு மாற்று. கோடையில் வெயில் ஏறுமுன் காலை நடையை முடித்துவிடவேண்டும். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றும். சுடும் தார்ச்சாலை அதன் உள்ளங்காலைப் பொசுக்கும்.

இரண்டாவது அடித்தல். பெருநாயை அடித்துத்தான் அடக்கவேண்டும் என்பது தவறான எண்ணம். அடி அச்சத்தைத் தரும். அச்சமே கடியாக வெளிப்படும். குட்டி வீட்டுக்கு வரும் இரண்டாம் மாதம் முதலே பழக்கத் தொடங்கலாம். ‘வா’, ‘உட்கார்’, ‘நில்’, ‘விடு’ ஆகிய நான்கு சொற்கள் போதும். வீட்டார் அனைவரும் அதே சொற்களையே கூறவேண்டும். தாத்தா ஒரு சொல்லும் பேரன் ஒரு சொல்லும் கூறினால் நாய் குழம்பும். சொன்னதைச் செய்தவுடன் ஒரு சிறு தின்பண்டமும் தட்டிக்கொடுத்தலும் தரவேண்டும். ஒரு வேளைக்கு 5 முதல் 10 நிமிடம் வரை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை போதுமானது. செய்யத் தவறினால் பரிசை நிறுத்துவதே தண்டனை.

பழக்குதல் தானே ஓர் அஹிம்சை என்பதை மறத்தலாகாது. நாற்பது கிலோ எடையுள்ள நாய் அன்பு மிகுதியால் பாய்ந்தாலும் பாட்டியார் விழுந்து இடுப்பெலும்பு முறியும். ‘விடு’ என்னும் சொல்லுக்குப் பழகிய நாய் கோழியையும் அணிலையும் துரத்தாது நிற்கும். ஆக, பழக்காத பெருநாய் செய்யும் ஹிம்சையில் வளர்ப்பவர்க்கும் பங்குண்டு. சிந்தாமணியில் வரும் நாய் உணவைத் தீண்டியது பசியினால். அது விலங்கின் இயல்பு. காவாது வைத்தவர் தம் பிழையை அதன் முதுகில் ஏற்றினர். நம் வீட்டு நாய் செய்யும் பிழைகளிலும் பாதி நாம் கற்பிக்காத பாடங்களே.

முதுமையை எண்ணி இளமையிலேயே பழக்கவேண்டியவை இரண்டு உள. ஒவ்வொரு சொல்லோடும் ஒரு கைச்சைகையையும் சேர்த்துக் கற்பிக்கவேண்டும். முதுமையில் செவி மந்தமாகும். அன்று சைகை பேசும். இரண்டாவதாக, காலைத் தூக்கிப் பார்க்கவும், காதைத் துடைக்கவும், வாயைத் திறந்து பல்லைக் காணவும் குட்டிப் பருவத்திலேயே இசையப் பழக்கவேண்டும். அவ்வாறு பழகிய நாய்க்குப் பிற்காலத்தில் மருந்து கொடுப்பதும் புண் கழுவுவதும் எளிது. பழகாத பெருநாயை நால்வர் அமுக்கிப் பிடிக்கவேண்டும். அது அதற்கும் துன்பம், பிடிப்பார்க்கும் துன்பம்.

மூன்றாவது உறுப்புச் சிதைத்தல். டாபர்மேன் குட்டிக்கு வாலை வெட்டுவதும், காது நிமிர்ந்து நிற்பதற்காக அறுப்பதும் அழகின் பெயரால் நடப்பவை. நாய்க்கு வாலும் காதும் பேசும் உறுப்புகள். மகிழ்ச்சி, அச்சம், சினம் ஆகியவற்றை அவற்றால் உணர்த்துகிறது. வெட்டிய குட்டியைக் காசு கொடுத்து வாங்குவதும் அச்செயலுக்கு உடன்படுதலே. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் நம் நூல்கள் ஒன்றாகவே எண்ணும்.

நான்காவது மிகுபாரம் ஏற்றல். நாய் மீது நாம் மூட்டை ஏற்றுவதில்லை என்று மகிழவேண்டா. இருசக்கர வண்டியின் பின்னே மூச்சுத் திணற ஓடவிடுதல் பாரமே. பெருநாயின் எலும்புகள் முற்றுப்பெற ஓராண்டுக்கு மேல், சிலவற்றுக்கு ஒன்றரை ஆண்டு வரை ஆகும். அதற்குள் நெடுந்தூரம் ஓடவிட்டாலும், உயரத்திலிருந்து குதிக்கவிட்டாலும் இடுப்பு மூட்டும் முழங்கையும் கெடும். குட்டி விற்றுப் பணம் ஈட்டப் பெட்டை நாயை இடைவிடாது ஈன வைத்தலும் பாரமே. எல்லாவற்றுக்கும் மேலாக, கால் தளர்ந்த கிழநாயை இன்னும் இரவுக் காவலுக்குப் பனியில் நிறுத்துதல் பெரும்பாரம். உழைப்பிலிருந்து ஓய்வு என்பது மனிதர்க்கு மட்டும் உரியதன்று.

ஐந்தாவது உணவும் நீரும் தடுத்தல். இது நம் இல்லங்களுக்கே உரிய முறையில் நிகழக்கூடியது. அட்டமி, சதுர்த்தசி நாள்களிலும் தசலட்சண பருவத்திலும் நாம் உபவாசம் இருக்கிறோம். அடுப்பு மூட்டாத அந்நாளில் நாயும் பட்டினி கிடக்கிறது. விரதம் என்பது தானே அறிந்து, தானே விரும்பி ஏற்பது. பிறர் மீது சுமத்துவது விரதம் ஆகாது. நம் உபவாசத்தால் நாம் பெறும் புண்ணியத்தை நாயின் பட்டினி குறைத்துவிடும். அதற்குரிய உணவை முன்னரே வகை செய்துவிட்டுத்தான் நாம் உபவாசம் ஏற்கவேண்டும். சூரியன் மறையுமுன் நாய்க்கும் மாலை உணவு வைப்பது நல்ல வழக்கம். ஆனால் நோயுற்ற நாய்க்கு இரவில் மருந்தோடு உணவு தரவேண்டும் என்று மருத்துவர் கூறினால், தயங்காது தரவேண்டும்.

இந்திய அரசு 1960-ஆம் ஆண்டில் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் 11-ஆம் பிரிவில் அடித்தலும், மிகுபாரம் ஏற்றலும், குறுஞ்சங்கிலியால் நெடுநேரம் பிணைத்தலும், கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமையும், உணவு நீர் நிழல் தராமையும், உறுப்புச் சிதைத்தலும், கைவிடுதலும் குற்றங்களாக எண்ணப்பட்டுள்ளன. பல நூற்றாண்டுகளுக்கு முன் நம் ஆசாரியர் வரிசைப்படுத்திய அதே அதிசாரங்கள் சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றுள்ளதைக் காண்கிறோம். முதற்குற்றத்துக்கு அச்சட்டம் வகுத்த தண்டம் ஐம்பது ரூபாய் என்னும் அளவிலேயே நெடுங்காலம் நின்றது. வினை வகுக்கும் தண்டம் அவ்வளவு மலிவன்று.

உணவு பற்றிய ஐயம்

நம் இல்லத்தில் வளரும் நாய்க்கு என்ன உணவு தருவது என்பது பலர் மனத்தை வருத்தும் வினா. பூனை ஊன் உணவாலேயே வாழும் உடலமைப்புடையது, நாய் அவ்வாறன்று. மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்ததால் மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றலை அது மிகுதியும் பெற்றுள்ளது. ஆகவே மரக்கறி உணவால் நாயை வளர்த்தல் இயலும். ஆனால் தயிர்ச்சோறும் ராகிக் களியும் மட்டும் வைத்துவிட்டு, அஹிம்சையைக் காத்தோம் என்று அமைதல் பிழை. புரதமும் உயிர்ச்சத்தும் குறைந்து நாய் மெலியும். அதுவும் உணவு தடுத்தலின் ஒரு வகையே. பருப்பு, சோயா, பனீர், தயிர், பூசணி, பீன்ஸ் ஆகியவற்றைத் தானியத்தோடு சேர்த்து, குறைபடும் சத்துகளுக்குக் கால்நடை மருத்துவர் குறித்துத்தரும் மருந்துப் பொடியும் கலந்து தரவேண்டும். வளரும் பெருநாய்க் குட்டிக்குச் சத்து குறைவதும் தீது; தாமாகச் சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை மிகுதியாகத் தருவதும் எலும்புக்குத் தீது. இவ்வகையில் மருத்துவரைக் கேளாது ஏதும் செய்யற்க.

வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியைக் கெடுப்பவை. நம் அடுக்களையில் அவை இல்லாதது நன்மையே. ஆனால் பாயசத்திலும் கேசரியிலும் இடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யவல்லது. சாக்லேட்டும் நஞ்சே. அன்பின் மிகுதியால் குழந்தைகள் ஊட்டாதவாறு கவனிக்கவேண்டும்.

மார்பு ஆழ்ந்த பெருநாய்களுக்கு இன்னொரு பேராபத்து உண்டு. ஒரே வேளையில் வயிறு புடைக்க உண்டு, உடனே ஓடியாடினால் இரைப்பை உப்பித் திருகிக்கொள்ளக் கூடும். வயிறு வீங்கி, வாந்தியெடுக்க முயன்றும் ஒன்றும் வெளிவராமல் நாய் தவித்தால், மணிக்கணக்கில் காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும். உணவை இரண்டு மூன்று வேளையாகப் பகிர்ந்து தருவதும், உண்டபின் ஓய்வு தருவதும் முன்காப்பு.

முதுமைத் தொண்டு

உருவம் பெரிதாயின் ஆயுள் குறுகும் என்பது நாயினத்தின் இயல்பு. சிறு நாய்கள் பத்து வயதிலும் துள்ளும். நாற்பது கிலோவுக்கு மேற்பட்டவை ஏழு எட்டு வயதிலேயே முதுமையில் அடி வைக்கின்றன. அப்பருவத்தில் செய்யவேண்டிய தொண்டு பெருஞ்செலவு உடையதன்று, பொறுமை உடையது.

வழவழப்பான டைல்ஸ் தரையில் கிழநாயின் கால் சறுக்கும். அது நடக்கும் வழியில் சாக்கையோ ரப்பர் விரிப்பையோ போடலாம். படிக்கட்டில் ஒரு சாய்பலகை வைக்கலாம். படுக்கும் இடத்தில் தடித்த மெத்தை இட்டால் முழங்கையில் காய்ப்பும் புண்ணும் வாரா. எழ முடியாமற் கிடக்கும் நாயைச் சில மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். கண் மங்கிய நாய்க்கு வீட்டுப் பொருள்களை இடம் மாற்றாதிருத்தலே ஊன்றுகோல். செவி மங்கிய நாயைத் திடீரெனத் தொட்டு எழுப்பாமல், தரையைத் தட்டி அதிர்வால் எழுப்பவேண்டும். திடுக்கிட்டுக் கடித்தால் அது அதன் குற்றமன்று. உடல் பருக்காமற் காத்தல் மூட்டு வலிக்கு முதல் மருந்து. நடையை அடியோடு நிறுத்தாமல், குறுகிய நடையாகப் பலமுறை நடத்தவேண்டும்.

கிழநாய் வீட்டினுள் சிறுநீர் கழித்தால் சினக்கிறோம். ஆண்டுக்கணக்கில் தூய்மை காத்த உயிர் வேண்டுமென்று செய்யுமா? அது நோயின் அறிகுறி. நள்ளிரவில் காரணமின்றி உலவுதலும், சுவரை நோக்கி நிற்றலும், பழகியவரை அறியாமையும் மூளைத் தளர்ச்சியின் குறிகள். மனிதரின் மறதி நோய் போன்றது அது. ஆண்டுக்கு இருமுறையேனும் மருத்துவரிடம் காட்டுவது நலம். வெறிநோய்த் தடுப்பூசியைக் கிழநாய் என்று நிறுத்தலாகாது. நாம் வலிக்கு உண்ணும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளை நாய்க்குத் தருவது உயிருக்கே ஆபத்து. அரசு கால்நடை மருந்தகங்கள் ஊர்தோறும் உள்ளன. கடினமான நோய்க்குச் செல்ல, 1985 முதல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

ஊசி போட்டுவிடலாமா?

இனி மிகக் கடினமான வினாவுக்கு வருகிறோம். நாய் எழ முடியாது கிடக்கிறது, வலியால் முனகுகிறது, ‘ஊசி போட்டுவிட்டால் அதற்கும் நிம்மதி’ என்று அருகிலுள்ளோர் கூறுகின்றனர். அவர்கள் கொடியவர்கள் அல்லர், இரக்கத்தாலேயே கூறுகின்றனர். இவ்வாதம் புதிதும் அன்று. துன்புறும் உயிரைக் கொன்றால் அது விரைவில் துன்பம் நீங்கும் என்னும் கருத்தை எடுத்துக்கொண்டு, அது கூடாது என அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் மறுத்துள்ளார். உடல் நீங்கினால் வினை நீங்குவதில்லை. பிற உயிரின் ஆயுளை முடிக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. சல்லேகனையை இங்கே ஒப்பிடுதலும் பொருந்தாது. அது தானே உணர்ந்து தானே ஏற்பது.

ஆயினும் ‘கொல்லமாட்டேன்’ என்று கூறுபவர் அவ்வாக்கோடு நின்றுவிட்டால் அறம் பாதியிலே நின்றுவிடுகிறது. ஊசியை மறுத்தவர் வலி தணிக்கும் மருந்தை வாங்கித் தரக் கடமைப்பட்டவர். இரவில் எழுந்து புரட்டிப் படுக்க வைக்கக் கடமைப்பட்டவர். ஈ மொய்க்காது புண்ணைத் துடைக்கக் கடமைப்பட்டவர். கொல்லாமையைக் காரணம் காட்டி, கொட்டகை மூலையில் நீருமின்றி அழுகிச் சாகவிடுதல் கொல்லாமை அன்று, மெல்லக் கொல்லுதல். இதனை நமக்கு நாமே அழுத்திக் கூறிக்கொள்ளவேண்டும். கொல்லா விரதத்தின் விலை தொண்டு. விலையைத் தராமல் விரதத்தின் பெயரை மட்டும் பெறுதல் இயலாது.

உலகத்தார் உள்ளமும் இவ்வழியில் சிறிது திரும்பிவருகிறது. பணி முடிந்த ராணுவ நாய்களைக் கொன்றுவிடும் வழக்கம் 2015-ஆம் ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தபோது நாடெங்கும் வருத்தம் எழுந்தது. அவ்வழக்கத்துக்கு மாற்றாகக் கொள்கை வகுப்பதாக அரசு தில்லி உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. உழைத்த உயிரை உழைப்பு முடிந்ததும் அழித்தல் நன்றி கொன்ற செயல் என்பதை எல்லா நெஞ்சமும் உணரும்.

நன்றி என்னும் சொல்லோடு ஒரு கல்லையும் நினைவுகூர்வோம். நம் மக்கள் மிகுதியாக வாழும் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊர் உள்ளது. அங்கே முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. கால்நடை காக்கும் பூசலில் வீழ்ந்த வீரனுக்கு நட்ட கல் அது. கள்ளரை எதிர்த்து நின்ற அவனுடைய நாயின் உருவமும், கோவிவன் என்னும் அதன் பெயரும் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிற்றூர் மக்கள் தம்மைக் காத்த நாயைக் கல்லில் வைத்து நினைந்தனர். நாம் கல் நடவேண்டியதில்லை. கடைசி மூச்சு வரை ஒரு தட்டுச் சோறும், ஒரு கிண்ண நீரும், வெயில் படாத ஓரிடமும் தந்தால் போதும்.

தர்ம பந்துக்களே! நாய் வளர்க்காத இல்லத்தார் இனியும் ஆராய்ந்தே முடிவு செய்க. பத்து, பன்னிரண்டு ஆண்டுப் பொறுப்பை ஏற்க இயலாதெனின் குட்டியைக் கொணராதிருத்தலே அறம். கொணர்ந்தவர் இன்றே தம் வாசலுக்குச் சென்று, ஐந்து அதிசாரங்களுள் எது அங்கே இருக்கிறது என்று ஆராய்க. சங்கிலி குறுகியதாயின் நீட்டுக. கிண்ணம் வறண்டிருப்பின் நிரப்புக. பிரம்பு இருப்பின் அகற்றுக. குழந்தைகளை இத்தொண்டில் ஈடுபடுத்துக. முதிர்ந்த நாய்க்கு நீர் வைக்கப் பழகிய பிள்ளை, முதிர்ந்த பெற்றோர்க்கும் நீர் தருவான்.

அவ்வுயிர்க்கு இறுதி நேரம் வந்ததெனத் தெரிந்தால், வீட்டார் அதன் அருகே அமர்க. அழுகுரலால் அதனைக் கலக்காமல், தலையை மெல்ல வருடி, பஞ்ச நமஸ்காரத்தை அமைதியாக அதன் செவியில் ஓதுக. அதற்குப் பொருள் விளங்குமா என ஐயுறவேண்டா. பத்தாண்டு நம் குரலைக் கேட்டே எழுந்தும் படுத்தும் பழகிய உயிர் அது. பிரியும்போதும் அன்புடைய குரலைக் கேட்டே பிரியட்டும்.

எல்லா உயிரும் இன்புறுக! அஹிம்சை அறம் ஓங்குக!